பேசாதார்க்கும் பேச்சுண்டு

(படவேட்டில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேச்சு வேறு, கருத்து வேறு என்பதை முதற்கண் திருவுளத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பெருமூளை வாதம், ஆட்டிசம், பக்கவாதம் முதலியவற்றால் நா எழாதாயினும் உள்ளத்தில் எண்ணம் எழாமற் போவதில்லை. அங்ஙனமிருக்க, பேசாத பிள்ளையை ‘ஒன்றும் அறியாதது’ என்று வந்தார்க்குக் காட்டாது மறைக்கும் வழக்கம் நம்மவர் இல்லங்களிலும் உண்டு. அது தகாது.

வள்ளுவனார் குறிப்பறிதல் என்னும் பெயரால் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே செய்தார். ஆகலின், சொல்லின்றிப் பொருளுணர்தல் தமிழர்க்குப் புதிதன்று.

நிற்க. இக்காலத்தார் இதனைத் தனித்துறையாகவே வளர்த்துள்ளனர். 1971இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில், சார்லஸ் பிளிஸ் என்பார் முன்னரே வகுத்திருந்த குறியீடுகளைப் பெருமூளை வாதமுற்ற சிறார்க்குக் கற்பித்தனர். நம் சென்னையில் 1985இல் தோன்றிய வித்யாசாகர் நிறுவனம் இத்துறையில் உழைத்து வருகின்றது. அந்நகரிலேயே அஜித் நாராயணன் என்பார் ‘ஆவாஸ்’ என்னும் கருவியை ஆக்கினார். படத்தைத் தொட்டால் அது சொல்லை உரக்கக் கூறும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இத்தகைய மாற்று வழிகளைக் கருத்துப் பரிமாற்றத்துள் அடக்கிற்று.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வாளா இருத்தல் வேண்டா. நம் தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டியிலுள்ள துளையட்டைகள் வாய் திறவாமலே பூவேலையைத் தறிக்குச் சொல்கின்றன அன்றோ? அவ்வாறே ஓர் அட்டையிற் படங்களை ஒட்டிப் பிள்ளையின் முன் வையுங்கள். சோறு, தண்ணீர் என்பன மட்டும் போதா. ‘வேண்டாம்’, ‘வலிக்கிறது’, ‘விளையாட வா’, ‘ஏன்?’ என்பனவும் இருத்தல் வேண்டும். மறுத்துரைக்க வழியில்லாத பிள்ளை, தனக்கு இழைக்கப்படும் தீங்கையும் வெளியிட மாட்டாது.

அட்டை கொடுத்தாற் போதாது. பெரியோரும் பேசுங்கால் அப்படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேசுதல் வேண்டும். மழலை நம் பேச்சைக் கேட்டே மொழி கற்கின்றது. இப்பிள்ளையோ நாம் தொடுவதைக் கண்டு கற்கும். வினாவியபின் விடைக்குக் காத்திருங்கள். பாவு பிணைப்பார்க்குள்ள பொறுமை நமக்குப் புதிதோ? அவர்க்காக நீங்களே விடை கூறிவிடாதீர்கள். பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் அட்டை உடன் செல்லட்டும்.

‘அட்டை பழகினால் வாய்ப்பேச்சு வாராது’ என்று அஞ்சுவாரும் உளர். ஆராய்ந்தோர் அங்ஙனம் கண்டிலர். சில பிள்ளைகட்கு வாய்ப்பேச்சும் மிகுந்ததையே கண்டனர்.

ஆதலின், அடுத்த கூட்டத்திற்கும் ரேணுகாம்பாள் திருவிழாவிற்கும் இப்பிள்ளைகளை மறைக்காது அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கின்றேன். சங்கத்தார் படவட்டைகளை அச்சிட்டு, வேண்டும் இல்லங்கட்கு இலவசமாக அளிப்பாராக. எழுத்துப் பணியை யானும் என் மாணாக்கரும் ஏற்றுக்கொள்கின்றோம்.