நாள் நிறையாத நாய்க்குட்டிகள்: முதலில் சூடு, பிறகுதான் பால்

(நமது நலச் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட், தண்ணீர் டேங்க் எல்லாம் பேசி முடித்த பிறகு, நாய்க்குட்டிகளைப் பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்ததற்கு நன்றி.

நான் மருத்துவர் அல்ல. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சிதம்பரத்தில் என் தங்கை மகள் வீட்டு நாய் நாள் நிறைவதற்கு முன்பே நான்கு குட்டிகள் போட்டது. அவற்றில் மூன்று பிழைத்தன. பத்து நாள் கூட இருந்து பார்த்ததையும், அங்கே கால்நடை மருத்துவர் சொன்னதையும்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? நம் மோட்டார் அறை அருகே படுக்கும் நாய் மறுபடியும் சினையாக இருக்கிறது. போன கார்த்திகை மழையில் அது போட்ட ஐந்து குட்டிகளும் மறுநாள் காலை உயிரோடு இல்லை. பிள்ளைகள் இரக்கத்தில்தான் பால் புகட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் மருந்தல்ல, ஆபத்து.

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரு வாரம், பத்து நாள் முந்திப் பிறந்த குட்டிக்கு ரோமம் மெல்லியதாக, பாதங்களில் இல்லாமலேகூட இருக்கும். சப்பிக் குடிக்கத் தெம்பு இருக்காது. நிறைமாதக் குட்டியே முதல் வாரத்தில் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளாது. நடுங்கிச் சூடேற்றவும் அதற்குத் தெரியாது. உடல் குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் தங்கிவிடும்.

இன்னொன்று. தாய் ஒதுக்கிய குட்டி பிழைக்காது என்று நாம் விட்டுவிடுகிறோம். குட்டி சில்லென்று இருப்பதாலேயே தாய் ஒதுக்குவதும் உண்டு. சூடேற்றித் திரும்ப வைத்தால் பல சமயம் சேர்த்துக்கொள்ளும். தாயின் சீம்பால் முதல் 24 மணி நேரத்துக்குள் கிடைப்பது மிக முக்கியம். அதனால் தாயை விரட்ட வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரியுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர மறுபக்கம் வேண்டும். பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் முக்கக் கூடாது. பல்பை மட்டும் நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, கடலூரில் பல இடங்களில் எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

உடல் சூடான பிறகு பால். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே பாக்கெட் பால் போதாது; நாய்க்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும், குப்புற வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். சப்பவே முடியாத குட்டிக்கு நீங்களாக ஊற்றாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் தடவுங்கள். தாய் நக்கிவிடாமல் அவற்றுக்குச் சிறுநீரோ மலமோ தானாக வராது.

அடுத்தது என் பழைய தொழில். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, நோட்டில் எழுதுங்கள். 150 கிராம் குட்டி நாளொன்றுக்கு 8 முதல் 15 கிராம் வரை கூடினால் நல்லது. முதல் நாளுக்குப் பிறகும் எடை இறங்கினால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு கால்நடை மருத்துவமனை உண்டு. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962.

நம் பாதுகாப்பும் முக்கியம். ஈன்ற நாய் கடிக்கக்கூடும்; பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கையுறை போட்டுத் தொடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.

இத்தனை செய்தும் எல்லாக் குட்டியும் பிழைக்காது. நுரையீரல் முதிராமல் பிறந்தால் வீட்டில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சிதம்பரத்திலும் ஒன்று மூன்றாம் நாள் போய்விட்டது.

சங்கத்திடம் கேட்பது இரண்டு. காவலாளி அறையில் ஒரு பெட்டி, இரண்டு பாட்டில், பழைய துண்டுகள், ஒரு தெர்மாமீட்டர், கையுறை இப்போதே இருக்கட்டும். குட்டிகள் பால் மறந்ததும் அந்த நாய்க்குக் கருத்தடை செய்ய நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ, நமக்கு எது பொறுப்போ அங்கே, கடிதம் எழுதுவோம். இரவு முறைக்கு வர விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இரவு இரண்டு மணி முறையை நான் எடுத்துக்கொள்கிறேன். எப்படியும் இந்த வயதில் அந்த நேரத்தில் விழித்துத்தான் இருக்கிறேன்.