ஆண்டவர் என்று ஏன் சொல்கிறோம்?

1977 கலவரத்துக்குப் பிறகு நம்ம சனங்கள் பலர் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறினாங்க. அங்கேயும் இங்கே மாதிரித்தான்: கத்தோலிக்கர் பூசையில் "ஆண்டவர்" என்பார்கள், புரட்டஸ்தாந்துக்காரர் "கர்த்தர்" என்பார்கள். எது சரி என்று சண்டை வேண்டாம். இரண்டும் ஒரே மரியாதை, மிகப் பழையது. எபிரேய வேதத்தில் கடவுளின் பெயர் நாலு எழுத்து. யூதர் பயபக்தியால் அதை உச்சரிக்காமல் "அதோனாய்", அதாவது ஆண்டவர், என்று வாசிப்பார்கள். 2008இல் வத்திக்கானும், பூசையிலும் பாட்டிலும் "யாவே" என்று சொல்ல வேண்டாமென ஆயர்களுக்கு எழுதியது.

நாமோ சீட்டுக்காசுக்கும் கடைக்கடனுக்கும் "ஆண்டவர் மேல சத்தியம்" என்கிறோம். கோயிலில் அடக்கமாகச் சொல்கிற பேரைக் கடை வாசலில் இழுக்கலாமா? தவணையைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எழுத உதவி வேணுமென்றால் சனிக்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கு வாங்க, நான் இருப்பேன்.