பொருள் நூலும் கணக்குப் பயிற்சியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் சமூகத்தார்க்குக் கணக்கு புதிதன்று. பேரேடும் ஐந்தொகையும் நம் முன்னோர் நாடோறும் கையாண்டவை. ஆயினும் நம் பிள்ளைகளிற் சிலர் பதினோராம் வகுப்பிலேயே கணக்கிற்கு அஞ்சி அதனை விலக்கிவிட்டு, பின்னர்க் கல்லூரியில் நுண்பொருளியல் கற்கப் புகுந்து இடர்ப்படுகின்றனர். அவர்களைப் பழித்துப் பயனில்லை. வேண்டுங் கணக்கு யாது, அதனை எம்முறையிற் பயில்வது என்பதே நாம் ஈண்டு ஆராயற்பாலது.

1838-ஆம் ஆண்டிலேயே கூர்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு பண்டத்தின் தேவையை அதன் விலையைச் சார்ந்ததாகக் கணித முறையில் எழுதினார். ஆங்கில அறிஞர் மார்ஷல், 1865-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர். எனினும் 1890-இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலில் விஷயத்தைச் சொற்களால் விளக்கிக் கணிதத்தைப் பிற்சேர்க்கையில் வைத்தார். கணக்கு கருவியேயன்றி முடிபன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஓர் உதாரணம் காண்போம். 100-இலிருந்து விலையின் இருமடங்கைக் கழித்தால் வருவதே விற்கும் அளவு என்று கொள்க. விலை 20 ரூபாயாயின் 60 விற்கும், வரவு 1,200. விலை 25 ஆயின் 50 விற்கும், வரவு 1,250. விலை 30 ஆயின் 40 விற்கும். வரவு மீண்டும் 1,200. விலையை ஏற்றுந்தோறும் வரவு பெருகும் என்னும் எண்ணம் பிழையென்பது தெளிவு. இதனை வரைபடத்திற் குறித்தால் வரவு குன்றுபோல் ஏறி இறங்கும். உச்சியிற் சாய்வு இல்லை. அச்சாய்வு, 100-இலிருந்து விலையின் நான்கு மடங்கைக் கழித்ததாகும். அது சுழியாகுமிடம் விலை 25. பிள்ளைகள் அஞ்சும் வகைநுண்கணிதத்தின் முதற்படி இதுவே.

ஆதலின் முதலிற் பின்னமும் விழுக்காடும் திருத்தமுறப் பயில்க; இவையின்றித் தேவையின் நெகிழ்ச்சி விளங்காது. அடுத்து இரு சமன்பாடுகளை ஒருங்கே தீர்த்தல். தேவையும் அளிப்பும் பொருந்தும் விலையை அறிதற்கு இது வேண்டும். பின்னர் வரைபடம். விலையை நிலை அச்சில் இடுதல் பொருளியலார் வழக்கு; அதனை முன்னரே அறிந்தால் மயக்கம் நேராது. இறுதியிற் சாய்வும், பெருமம் சிறுமம் காணும் முறையும். பிறர் தீர்த்த கணக்கைப் படித்தல் பயிற்சியாகாது. நாடோறும் அரைமணி நேரம் தம் கையால் எழுதித் தீர்த்தல் வேண்டும்.

நிற்க. பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததெனக் கணக்கை விட்டுவிடும்படி ஆணுக்காயினும் பெண்ணுக்காயினும் சொல்லற்க. அன்று அடைத்த கதவைப் பின்னர்த் திறத்தல் அரிது. கணக்கறிந்த அங்கத்தினர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகட்கு உதவ முன்வருவாராக.