டீக்கும் சாயாவுக்கும் ஒரே எழுத்து



முகப்பேரில் குடியிருந்துகொண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறவன் நான். எங்கள் பட்டறைக்கு ஒரு சீன மெஷின் வந்தது. அதைப் பொருத்த ஒரு சீனப் பொறியாளர் வந்து பதினைந்து நாள் இருந்தார். அவரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல். "ஒரு சொல்லுக்கு ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. காலையிலிருந்து நீங்களே அதை நாலு தடவை சொல்லியிருப்பீர்கள். டீ!

பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரும் பொதுச் சீனத்தில் அது 'ச்சா'. தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியன் மாகாணத்து மின்னான் பேச்சில், அதே எழுத்தைத் 'தே' என்று படிக்கிறார்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் 'தே'யைக் கப்பலேற்றினார்கள். அதுதான் ஆங்கிலத்தில் டீ ஆயிற்று. மக்காவில் இருந்த போர்த்துக்கீசியர் 'ச்சா'வை எடுத்துக்கொண்டார்கள். தரைவழியே பாரசீகம் போன 'ச்சா', 'சாய்' ஆகி இந்திக்கு வந்தது. நம்மிடம் இரண்டுமே உண்டு. தேயிலை, தேநீர், யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணி ஒரு பக்கம்; கன்னியாகுமரிப் பக்கத்துச் சாயா மறுபக்கம். பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர் ஆற்றித் தருகிறாரே, அது 'தே தாரிக்'.

சொல்லிப் பார்க்க ஆசையா? "அப்படியா?" என்று கேட்கும்போது கடைசியில் குரல் ஏறுமே, அப்படி ஏற்றிச் சொல்ல வேண்டும். வெட்டுவதுபோல் இறக்கிச் சொன்னால் அர்த்தமே வேறு: 'மட்டம்'. வெறும் 'சா' என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

'ஹ ச்சா' என்றால் டீ குடிப்பது. ஆனால் அங்கே போலீஸ் 'டீ குடிக்க' கூப்பிட்டால் விசாரணை என்று அர்த்தமாம். நம் ஊரில் 'டீ செலவுக்கு' என்று தலையைச் சொறிகிறார்களே, அதுமாதிரி இதுவும் அகராதியைப் பார்த்துப் புரிகிற விஷயமில்லை.

அவர் சொன்னதில் மனசில் தைத்தது ஒரு பழமொழி: 'ரென் ட்ஸோ ச்சா லியாங்'. ஆள் போனால் டீ ஆறிவிடும். பதவியில் இருக்கிறவரைதான் மரியாதை என்பது பொருள். தாசில்தார் வீட்டு நாய் செத்த கதையை நாம் சொல்வதில்லையா?

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? நம் கேன்டீனில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டே டீ கொடுத்த அண்ணனை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? தேர்வுக் கட்டணம் கட்டக் காசில்லாதவனிடம் பாக்கியே கேட்கமாட்டார். பெரிய உத்தியோகத்தில் இருக்கிற பழைய மாணவர்களுக்கெல்லாம் அழைப்பிதழ் போயிருக்கிறது, அவருக்குப் போகவில்லை. பாடியில் மகன் வீட்டில்தான் இருக்கிறார். கண் பார்வை கொஞ்சம் மங்கல். குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுகிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவரைப் பார்க்கப் போகிறேன். வருகிறவர்கள் முகப்பேர் கிழக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். பிளாஸ்க் நான் கொண்டு வருகிறேன்.