பழைய கம்ப்யூட்டரும் புதிய பாரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுவதற்கு முன் இறுதியாண்டு மாணவர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். "லேப்டாப் இருக்கு சார், ஆனா புராஜெக்ட் ஓட மாட்டேங்குது" என்றார்கள். நம் வீடுகளிலோ பழைய லேப்டாப் பரண்மேல் தூங்குகிறது. இந்த இரண்டையும் இணைக்க முடியுமா என்பதே இன்று என் பேச்சு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பொதுவாக 2017-க்கு முந்தைய பிராசஸர்களை அது ஏற்பதில்லை. நன்றாக உழைக்கும் மெஷின்கள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன.

இங்கேதான் லினக்ஸ் வருகிறது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியபோது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவர். அவரிடம் இருந்தது ஒரு 386 கம்ப்யூட்டர். நமக்கும் இது புதிதல்ல. 2011-இல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எடை குறைந்த லினக்ஸ் போட்டால் வண்டியின் எடைதான் குறையும். மூட்டையின் எடை குறையாது. லுபுண்டு, எம்.எக்ஸ். லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் போன்றவை தங்களுக்கென்று கொஞ்சம் ராம் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நம்மிடம் விட்டுவிடும். ஆனால் பிரவுசரில் இருபது டேப் திறந்தால் எந்த லினக்ஸிலும் அது இருபது டேப்தான். ஆகவே பாரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் ஏன் உறைந்து நிற்கிறது? பெரும்பாலும் குற்றவாளி பிராசஸர் அல்ல. ராம் நிரம்பியதும் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. சுழலும் டிஸ்க்குக்கு அந்த வேகம் கிடையாது. விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரியும், மௌஸ் நகராது.

இதற்கு மூன்று வைத்தியம். ஒன்று, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது. செலவு செய்வதானால் முதல் செலவு இதுதான். இரண்டு, இடமிருந்தால் ராமை 8 ஜிபி ஆக்குவது. மூன்று, காசில்லாத வைத்தியம்: இசட்ராம். ராமில் உள்ளதையே சுருக்கி ராமிலேயே வைக்கும் உத்தி அது. பிராசஸருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. ஆனால் டிஸ்க்குக்கு ஓடும் ஓட்டம் குறைகிறது. ஃபெடோரா லினக்ஸ் 2020-இலேயே இதை இயல்பான அமைப்பாக ஆக்கிவிட்டது.

அடுத்து மூட்டைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம், எமுலேட்டரும் சேர்த்தால் 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. அப்படியானால் எமுலேட்டரை விட்டுவிடுங்கள். கையில் இருக்கும் போனையே கேபிளில் இணைத்து ஆப்பை ஓட்டிப் பாருங்கள். பாதி பாரம் இறங்கிவிடும். சி, பைத்தான் எழுத ஜியானி போன்ற சிறிய எடிட்டர் போதும். ரிப்போர்ட் அடிக்க லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கிறது.

அதற்கும் அடங்காத பாரம் உண்டு. அதைப் பழைய மெஷினில் ஏற்றவே கூடாது. லேபில் வலுவான கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, வேலையை அங்கே ஓடவிட்டு, பழையவற்றில் திரையை மட்டும் பார்க்கலாம். நெட்வொர்க் வழியாக இதைச் செய்யும் வசதி லினக்ஸில் நெடுநாளாக உண்டு. பத்துப் பழைய மெஷினுக்கு ஒரு புதிய மெஷின் வாங்கினால் போதும் என்ற நிலை இப்படித்தான் வரும்.

எல்லாம் ஓடும் என்று ஆசை காட்ட மாட்டேன். விண்டோஸுக்கென்றே எழுதிய சில வரைபட சாஃப்ட்வேர்கள் லினக்ஸில் சரியாக ஓடாது. 32 பிட் பிராசஸர்களுக்குக் காலம் முடிந்துவருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்கு இன்ஸ்டாலரே தரவில்லை. அதனால் முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, வைஃபை, சத்தம், திரை எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஃபைல்களுக்கு வேறிடத்தில் நகல் எடுத்த பிறகே டிஸ்க்கில் கை வையுங்கள்.

நண்பர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பரண்மேல் இருப்பதை இறக்குங்கள். ஆனால் குப்பையைத் தள்ளிவிடுவதாக நினைத்துத் தராதீர்கள். 64 பிட் மெஷினா, 4 ஜிபி ராமாவது இருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்த விவரங்களை முழுவதுமாக அழியுங்கள். முடிந்தால் ஒரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கிப் போட்டுக் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, அதில் லினக்ஸ் ஏற்றும் வேலை உங்களுடையது. கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். நீங்களே திறந்து, நீங்களே மாட்டி, ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று தேடுங்கள். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை அது கற்றுக்கொடுக்கும். எந்த இன்டர்வியூவிலும் அது கைகொடுக்கும்.

லேப்டாப் இல்லை என்பதற்காக இந்தக் கல்லூரியில் ஒரு புராஜெக்ட்கூட நின்றுபோகக் கூடாது. அதற்கு நம் சங்கம் பொறுப்பேற்கட்டும்.