சவுக்கு விறகும் விடுதி வெந்நீரும்



மரக்காணத்துக் கடலோர மணலில் சவுக்கு செழித்து வளர்கிறது; 3 முதல் 5 ஆண்டுகளில் வெட்டுக்கு வருகிறது. திண்டிவனம், விழுப்புரம் சாலையோர விடுதிகளின் அடுப்புக்கும் வெந்நீர்க் கொப்பரைக்கும் ஏற்ற விறகு அதுவே. ஆயினும், வெட்டிய ஈரத்தோடு எடை போட்டு விற்கவே நாம் விரும்புகிறோம். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்நீர் ஆவியாவதற்கே வெப்பம் செலவாகிறது, புகையும் மிகுகிறது. விடுதிக்காரர் இதனை அறிவார், விலையைக் குறைத்துவிடுகிறார்.

ஒரு கிலோ காய்ந்த விறகு, அதே எடைப் பச்சை விறகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வெப்பம் தரும். விலையும் அவ்வாறே கேட்கலாம். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன்னரே உலர்த்திவிட வேண்டும். கடன் நெருக்கும் விவசாயியைக் காத்திருக்கச் சொல்வது எளிதன்று. பஞ்சாயத்து பொதுக் கொட்டகை அமைத்து, விறகின்பேரில் முன்பணமும் கிடைக்கச் செய்தால் அவரும் காத்திருப்பார். கொட்டகைக்கு இடம் எது என்பதை இன்றே பேசுவோம்.