தொடாமலே சுடும் மின்சாரம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மின்பணித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஸ்பேனர் பிடித்த கை இது. இந்தக் கையிலுள்ள தழும்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தாராவியிலிருந்து தானே-பேலாப்பூர் வட்டாரத்துக்கு ரயிலேறிப் போய், ஓர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்த காலம். மெயின் பேனலில் ஓர் இணைப்பு சூடாகிறது, முடுக்கிவிடு என்றார் மேற்பார்வையாளர். "மெயினை நிறுத்தலாமா?" என்று கேட்டேன். "ஐந்து நிமிட வேலைக்கு உற்பத்தியை நிறுத்துவதா?" என்றார். ஸ்பேனர் நழுவி இரண்டு பஸ்பார்களுக்கு நடுவே விழுந்தது. நான் கம்பியைத் தொடவில்லை, ஷாக் அடிக்கவில்லை. ஆனால் கையும் கழுத்தும் வெந்துபோயின. அறிக்கையில் எழுதியது ஒரே வரி: தொழிலாளியின் கவனக்குறைவு!

தோழர்களே! ஷாக் ஒன்றுதான் ஆபத்து, ரப்பர் செருப்பு இருந்தால் போதும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஆர்க் வேறு. வெல்டிங் குச்சியின் நுனியில் காண்கிறோமே, அதே தீதான்; பேனலுக்குள் அதற்குக் கடிவாளம் கிடையாது. அதன் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகக்கூடும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான்! ரால்ஃப் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர் 1982ஆம் ஆண்டிலேயே இந்தத் தீக்காயத்தைக் கணக்கிட்டு எழுதிவிட்டார்.

ஆலையில் ஓடும் 415 வோல்ட்டைத் தாழ்ந்த அழுத்தம் என்கிறார்கள். பெயர்தான் தாழ்ந்தது; தீ தாழ்ந்ததல்ல. பாயும் கரண்ட் எவ்வளவு, அது அறுபட எத்தனை நேரம் என்பதைப் பொறுத்தே காயம். எரிந்த ஃப்யூஸுக்குத் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர் அந்த நேரத்தை நீட்டுகிறார். தீக்கு விறகு போடுகிறார்.

பொறுப்பு யாருடையது? போபால் கொடுமைக்குப் பிறகு, 1987இல், தொழிலாளியின் பாதுகாப்பு ஆலையை நடத்துபவரின் கடமை என்று தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமையை முதலாளி மீதே வைக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலாளியிடமும் அரசு ஆய்வாளரிடமும் முறையிடும் உரிமையும் அதில் உண்டு. ஸ்பேனர் நழுவுவது மனித இயல்பு. நழுவினாலும் உயிர் போகாதபடி மெயினை நிறுத்தி வைப்பது நிர்வாகத்தின் வேலை.

நமக்கும் வேலை உண்டு. மெயினை நிறுத்து, பூட்டிச் சாவியை உன் சட்டைப்பையில் வை, மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார், பிறகே கை வை.

தாய்மார்களே! டெரிலின், நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேலைக்குப் பருத்திச் சட்டை கொடுத்தனுப்புங்கள். ஆனால் பருத்தியும் தீப்பிடிக்கும், அது கவசமல்ல. ஆர்க்கைத் தாங்கும் உடையும் முகக்கவசமும் தரவேண்டியவர் முதலாளி.

ஒருவன் தனியாக "மெயினை நிறுத்து" என்றால் நாளை அவனுக்கு வேலை இருக்காது. அன்று நான் வாய் மூடியதும் அந்தப் பயத்தால்தான். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் பத்துப் பேரையும் அனுப்ப யோசிப்பார்கள். ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் கை இது. ஐந்து நிமிட உற்பத்திக்கு இதை ஈடாகக் கொடுக்கமாட்டோம் என்று ஒன்றாய்ச் சொல்வோம்.